சாறு இறங்கவில்லையா? தண்ணீரும் மீயொலியும் கொண்டு பிரித்தெடுக்கையில் கோளாறு பார்க்கும் விதம்

தூளைத் தண்ணீரில் போடு, சோனிகேட்டரை ஓட்டு, வடிகட்டு. மீயொலியால் தாவரச் சத்துகளைப் பிரித்தெடுக்கும் முறையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோனிகேட்டர் எழுப்பும் மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) தண்ணீரில் நுண்குமிழிகளை உண்டாக்கி வெடிக்க வைக்கும், அந்த அடியில் செல் சுவர் உடைந்து சத்து வெளியே வரும். வேலை கெடும்போதுதான் கதை நீள்கிறது. கெட்டவுடன் எல்லோருடைய கண்ணும் கருவி மேல்தான் போகும். பல தடவை அது நிரபராதி. தூளோ, தண்ணீரோ, அளந்த விதமோதான் காரணமாக இருக்கும்.

ஆகவே கீழேயுள்ள அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

முதல் சோதனைக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘சும்மாக் குடுவை’. அதே தூள், அதே எடை, அதே தண்ணீர், அதே வெப்பநிலை, அதே நேரம். மீயொலி மட்டும் கிடையாது. இரண்டு குடுவையிலும் ஒரே அளவு சத்து இறங்கியிருந்தால் மீயொலி உள்ளே போய்ச் சேரவில்லை, அல்லது இந்தத் தூளுக்கு அது தேவையே இல்லை. சும்மாக் குடுவையில் அதிகம் இருந்தால் மீயொலி கெடுத்துக்கொண்டிருக்கிறது. மீயொலிக் குடுவையில் நிறையவே அதிகம், ஆனாலும் எதிர்பார்த்தது வரவில்லை என்றால் கருவியை விட்டுவிடுங்கள். தண்ணீரையும் தூளையும் பாருங்கள்.

இரண்டாவது, வடிகட்டி மிஞ்சிய சக்கையில் புதுத் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை எடுப்பது. இரண்டாம் முறையிலும் நிறைய வந்தால் முதல் முறை பாதியில் நின்றிருக்கிறது. ஒன்றுமே வரவில்லை என்றால், தண்ணீர் எடுக்கக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டது என்று பொருள்.

தண்ணீர் வெளிறிக் கிடக்கிறது, எதுவும் இறங்கவில்லை

தொட்டி வகை சோனிகேட்டர் (குடுவையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தும் வகை) என்றால் முதலில் ஃபாயில் சோதனை. மெல்லிய அலுமினிய ஃபாயில் துண்டு ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் செங்குத்தாகத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். ஓடும் தொட்டிக்குள் விரலை விடவே கூடாது. ஃபாயிலில் பொத்தல்களும் சொறிசொறியான குழிகளும் விழுந்திருந்தால் குமிழிகள் வேலை செய்கின்றன. பட்டை பட்டையாக ஓரிடத்தில் விழுந்து இன்னோரிடத்தில் விழாமல் இருப்பது கோளாறு அல்ல. 40 கிலோஹெர்ட்ஸில் தண்ணீருக்குள் ஒலியின் அலைநீளம் சுமார் 3.7 செ.மீ. தொட்டிக்குள் அலைகள் எதிரொலித்து நிற்கும்போது அதில் பாதி, அதாவது 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில், வலுவான இடமும் மந்தமான இடமும் மாறி மாறி வரும். உங்கள் குடுவை மந்தமான இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். பொத்தல் அதிகம் விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு குடுவையை அங்கே நிறுத்துங்கள். சோதனை முடிந்ததும் தொட்டித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். ஃபாயில் தூசி கிடக்கும்.

ஃபாயிலில் எங்குமே பொத்தல் விழவில்லையா? அப்போதும் கருவியைப் பழுதுபார்க்க அனுப்ப அவசரப்பட வேண்டாம். குழாயிலிருந்து அப்போதுதான் பிடித்த தண்ணீரில் காற்று நிறையக் கரைந்திருக்கும். அந்தக் காற்று குமிழிகளுக்குள் புகுந்து பஞ்சு மெத்தை போல வெடிப்பைத் தாங்கிக்கொள்ளும். தொட்டியை ஐந்து பத்து நிமிடம் வெறுமனே ஓட்டிக் காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். தொட்டித் தண்ணீரில் ஓரிரு சொட்டு டிடர்ஜென்ட் விட்டால் ஒலி குடுவைக்குள் இன்னும் நன்றாகக் கடக்கும். குடுவை மெல்லிய சுவரும் தட்டையான அடியும் கொண்ட கண்ணாடியாக இருக்கட்டும். தடித்த பிளாஸ்டிக் புட்டி ஒலியை விழுங்கிவிடும். தொட்டியின் அடியில் நேரடியாக வைக்காமல் கம்பிக் கூடையில் தூக்கி வையுங்கள். குடுவைக்குள் உள்ள நீர்மட்டம் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும்.

புரோப் வகை (அதிரும் உலோக முனையை நேரே திரவத்துக்குள் இறக்கும் வகை) என்றால் வேறு கணக்கு. உலோக முனை மேற்பரப்பை ஒட்டி இருந்தால் காற்றை இழுத்து நுரையாக அடிக்கும். அடியைத் தொட்டால் கண்ணாடி உடையும், முனையும் கெடும். 13 மி.மீ. முனைக்கு ஒன்றரை, இரண்டு செ.மீ. ஆழம் போதும். கருவியின் முகப்பில் எழுதியிருக்கும் வாட் எண்ணை நம்ப வேண்டாம். தண்ணீருக்குள் போவது எவ்வளவு என்பதை வெப்பமானியே சொல்லும். 200 மில்லி தண்ணீரை வைத்து, குளிர்விக்காமல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். வெப்பநிலை 3 டிகிரி ஏறினால், 200 × 4.18 × 3 = 2508 ஜூல். 60 வினாடியால் வகுத்தால் சுமார் 42 வாட். இந்த எண்ணைத் தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அது 25 ஆகியிருந்தால் முனை தேய்ந்திருக்கிறது அல்லது திருகு தளர்ந்திருக்கிறது. அப்போது கருவியைத் தாராளமாகத் திட்டலாம்.

வீச்சை (முனை அதிரும் அளவை) உச்சத்தில் வைத்திருக்கிறேன், இருந்தும் வரவில்லை என்கிறீர்களா? குறைத்துப் பாருங்கள். அதிக வீச்சில் முனையை ஒட்டிப் பால் போல வெண்மையான குமிழிக் கூட்டம் திரளும். அதுவே திரையாக நின்று, மீதித் தண்ணீருக்கு ஒலி போகாமல் மறித்துவிடும்.

கருவியில் எல்லாம் சரி என்றால் தூள். காய்ந்த தூள் மேலே மிதந்தால் அதற்குள் தண்ணீரே போகவில்லை. ஓட்டுவதற்கு முன் 15 முதல் 30 நிமிடம் ஊற விடுங்கள். துகள் கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலான இலை, பூ, தோலுக்குப் பொருந்தும். கட்டையும் வேரும் இன்னும் கொஞ்சம் நைசாக வேண்டும்.

கருவி ஓடுகிறது, தேடும் பொருள் மட்டும் வரவில்லை

இது தண்ணீரின் குணம் பற்றிய கேள்வி. பாலிஃபீனால்கள் (தாவரங்களின் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்கள்), ஆந்தோசயனின் (பூ, பழங்களின் சிவப்பு, நீல நிறமி), சப்போனின் (நுரை தரும் பொருள்), டானின் (துவர்ப்புப் பொருள்), பாலிசாக்கரைடு (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) ஆகியவை தண்ணீரில் வரும். கரோட்டினாய்டு வராது. குர்குமின் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீயொலி செல் சுவரை உடைக்கும், கதவைத் திறந்துவிடும். கரையாததைக் கரைய வைக்காது.

மஞ்சளில் இந்த ஏமாற்றம் அடிக்கடி நடக்கும். தண்ணீரில் மஞ்சள் தூளைப் போட்டு மீயொலி கொடுத்தால் அருமையான மஞ்சள் நிறம் வரும். நானும் முதல் தடவை அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்றினேன், நிறம் மொத்தமும் அடியில் உட்கார்ந்துவிட்டது. கரைந்திருக்கவில்லை, பொடிப்பொடியாக மிதந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். சமையல் சோடா போட்டால் கரையுமே என்று ஒருவர் சொல்வார். கரையும், சிவப்பாகவும் மாறும், காரத்தில் சிறிது நேரத்திலேயே சிதையவும் செய்யும்.

தண்ணீரைச் சூடாக்கினால் அதன் முனைவுத்தன்மை குறையும் என்பது உண்மை. முனைவுத்தன்மையைக் காட்டும் மின்கடவாப் பொருள் எண் 20 டிகிரியில் 80, கொதிநிலையில் 55 அளவுக்கு இறங்கும். ஆனால் அவ்வளவு சூட்டில் மீயொலி சோர்ந்துவிடும் (அடுத்த பகுதியில் காரணம் வருகிறது). தண்ணீர் மட்டும்தான் என்ற கட்டாயம் இல்லையென்றால் 30 முதல் 50 சதவீதம் எத்தனால் கலப்பது எளிய வழி. புரோப் வகையில் எத்தனால் தீப்பிடிக்கும் அபாயம் உள்ள பொருள். குளிரூட்டாமலும் காற்றோட்டம் இல்லாமலும் செய்யாதீர்கள்.

பத்து நிமிடத்தில் ஏறியது, நாற்பது நிமிடத்தில் இறங்கிவிட்டது

நேரம் கூட்டினால் சத்து கூடும் என்று நினைத்து ஒரு மணி நேரம் ஓட்டுகிறவர்கள் சந்திக்கும் அறிகுறி இது. ஒரே ஒரு நேரத்தில் மட்டும் அளந்தால் இது தெரியவே தெரியாது. 5, 10, 20, 30 நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாதிரி எடுத்து அளந்தால்தான் மேட்டின் உச்சி எங்கே என்று பிடிபடும்.

அளவு இப்படிக் குறைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தே வரும் என்பதால் குழப்பும்.

ஒன்று, சூடு. புரோப் ஓட ஓடத் தண்ணீர் சூடேறும். ஆந்தோசயனின் 60 டிகிரிக்கு மேல் வேகமாகச் சிதையும். போதாததற்கு, சூடு ஏறினால் மீயொலியின் பலமும் குறைகிறது. 20 டிகிரியில் தண்ணீரின் நீராவி அழுத்தம் 2.3 கிலோபாஸ்கல்தான், 70 டிகிரியில் 31. குமிழி சுருங்கும்போது உள்ளே அவ்வளவு நீராவி இருந்தால் மோதல் மெத்தென்று முடிந்துபோகும். 30 முதல் 50 டிகிரிக்குள் வைப்பதே பெரும்பாலும் நல்லது. பீக்கரைப் பனிக்கட்டித் தண்ணீரில் வையுங்கள், 5 வினாடி ஓட்டி 5 வினாடி நிறுத்துங்கள். குறிப்பேட்டில் எழுதும்போது மட்டும் கவனம்: இப்படி விட்டு விட்டு ஓட்டிய 10 நிமிடம், உண்மையில் 5 நிமிட மீயொலிதான். இருவர் முடிவு ஒத்துப்போகாமல் சண்டை வருவது பாதி இந்த இடத்தில்தான்.

இரண்டாவது காரணம் குமிழிகளே. வெடிக்கும் குமிழிக்குள் கண நேரம் ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பம் வரும். அதில் தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் உறுப்பு (radical, பக்கத்தில் இருப்பதை ஆக்சிஜனேற்றும் மூலக்கூறுத் துண்டு) பிறக்கும். சில சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகும். எதற்காக பாலிஃபீனாலை எடுக்கிறோமோ, அதே ஆக்சிஜனேற்றத் தடுப்பு வேலையை அது பீக்கருக்குள்ளேயே செய்து தீர்ந்துபோகிறது. 20 கிலோஹெர்ட்ஸில் இது குறைவு, சில நூறு கிலோஹெர்ட்ஸில் மிக அதிகம். பிரித்தெடுக்கத் தாழ்ந்த அதிர்வெண்ணையே பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடா, உறுப்பா என்று பிரித்துப் பார்க்க சும்மாக் குடுவையை மீயொலிக் குடுவை எட்டிய அதே வெப்பநிலையில் அதே நேரம் வையுங்கள். அதிலும் சத்து அதே அளவு குறைந்தால் சூடுதான். அதில் குறையாமல், மீயொலிக் குடுவையில் மட்டும் குறைந்தால் உறுப்புகளின் வேலை. நேரத்தைக் குறையுங்கள், முடிந்தால் நைட்ரஜன் வாயுவை உள்ளே விட்டு ஆக்சிஜனை வெளியேற்றுங்கள்.

சாறு பழுப்பாகிறது, அல்லது மை போலக் கருக்கிறது

இரண்டும் வேறு வேறு நோய்.

பச்சை இலையோ பழத்தோலோ பயன்படுத்தி, சில நிமிடங்களில் பழுப்பேறினால் அது நொதியின் வேலை. செல்லை உடைத்தவுடன் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் பாலிஃபீனாலைச் சந்தித்துவிடுகிறது. நிழலில் மெதுவாக உலர்த்திய தூளிலும் இந்த நொதி உயிரோடு இருக்கும். அரைப்பதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் ஆவியில் காட்டுங்கள், இல்லையென்றால் சிட்ரிக் அமிலம் சேர்த்துத் தண்ணீரின் பிஎச்-ஐ 3 பக்கம் கொண்டு வாருங்கள். வைட்டமின் சி சேர்த்தும் தடுக்கலாம். ஆனால் அது பின்னால் அளவீட்டில் வம்பு செய்யும், சொல்கிறேன்.

நீலக் கறுப்பாக, மை சிந்தியது போல ஆனால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. டானினும் இரும்பும் சேர்ந்தால் பழைய காலத்து எழுதும் மையேதான். துருப்பிடித்த கரண்டி, இரும்புக் குழாய், அரைவையின் தேய்ந்த பிளேடு எதுவாகவும் இருக்கலாம். காய்ச்சி வடித்த நீருக்கு மாறி ஒரு தடவை செய்து பாருங்கள். கடின நீரில் பிஎச் ஏறுவதும் இதோடு சேர்ந்து கெடுக்கும்.

சிவப்புப் பூவின் சாறு வெளிறியோ நீலமாகவோ போனால் எதுவும் கெடவில்லை, பிஎச் மாறியிருக்கிறது. ஆந்தோசயனின் 3-க்குக் கீழே சிவப்பு, 4, 5-இல் ஏறக்குறைய நிறமற்றது, நடுநிலையில் ஊதா நீலம். ஒரு சொட்டு அமிலம் விட்டால் சிவப்பு திரும்பி வரும். திரும்பாமல் மஞ்சளாகவே நின்றால் அது சிதைந்துவிட்டது.

நுரை பொங்குகிறது

சப்போனின் உள்ள தாவரம் என்றால் இது எதிர்பார்க்க வேண்டியதே. முனையை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்குங்கள், வீச்சைக் குறையுங்கள், விட்டு விட்டு ஓட்டுங்கள், பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்புங்கள். சில சொட்டு எத்தனால் நுரையை அடக்கும். நுரையைக் கரண்டியால் வழித்துக் கொட்டிவிட வேண்டாம். தேடும் சப்போனின் அதில்தான் செறிந்திருக்கிறது.

கூழாகிவிட்டது, வடியவே மாட்டேன் என்கிறது

பிசின், பெக்டின், மாவுச்சத்து. மாவுச்சத்து 60, 70 டிகிரியில் கஞ்சியாகும், ஆகவே அதற்குக் கீழே நில்லுங்கள். கூழான திரவத்தில் குமிழியும் எளிதில் உருவாகாது, சாறும் நகராது. தூளுக்கும் தண்ணீருக்கும் 1:10 விகிதத்தில் வைத்திருந்தால் 1:20, 1:30 என்று தளர்த்துங்கள். அளவுக்கு மீறி நைசாக அரைத்த தூளும் வடிதாளை அடைக்கும்.

வடிக்கும்போது ஒரேயடியாக மெல்லிய தாளில் ஊற்றாமல் முதலில் துணி, அப்புறம் சென்ட்ரிஃபியூஜ், கடைசியில் தாள். பாலிசாக்கரைடு தேவையில்லை என்றால் மூன்று நான்கு மடங்கு எத்தனால் ஊற்றுங்கள், நூல் நூலாகத் திரண்டு படியும்.

இங்கே இன்னொரு இழப்பும் ஒளிந்திருக்கிறது. 200 மில்லி ஊற்றி 150 மில்லி மட்டும் வடிந்தால், மீதி 50 மில்லி சக்கை குடித்துவிட்டது. அதற்குள் சத்தில் கால் பங்கு உட்கார்ந்திருக்கிறது. “சாறு இறங்கவில்லை” என்று புலம்புவதற்கு முன் சக்கையைக் கொஞ்சம் புதுத் தண்ணீரால் அலசி அதையும் சேருங்கள்.

அடியில் சாம்பல் நிறப் படிவு

மறுநாள் குளிரில் சாறு கலங்கி, லேசாகச் சூடாக்கினால் தெளிந்தால் பயமில்லை. டானினும் புரதமும் கூடிப் பிரிந்து நிற்கின்றன. கட்டித் தேநீர் ஆறினால் கலங்குவதும் ஏறக்குறைய இந்த வகைதான், அங்கே டானினோடு முக்கியமாகக் கூடுவது கஃபீன்.

சாம்பல் நிறத்தில், கனமாக, எந்தச் சூட்டுக்கும் கரையாமல் கிடந்தால் அது புரோப் முனையின் டைட்டானியம். குமிழிகள் செல் சுவரை மட்டும் அரிப்பதில்லை, தம்மை உண்டாக்கும் முனையையும் அரிக்கின்றன. கப்பல்களின் உந்துவிசிறிகள் அரிக்கப்படுவதும் இதே குமிழிகளால்தான். அந்த அரிப்பை ஒட்டித்தான் இயற்பியலாளர் ரேலே பிரபு 1917-இல் சுருங்கும் குமிழியின் கணக்கைப் போட்டார். முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி, மங்கலாகிக் குழி விழுந்திருந்தால் தேய்க்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். உட்கொள்ளும் பொருளுக்கான சாறு என்றால் இந்தப் படிவை வடிகட்டிவிட்டால் போதும் என்று சமாதானம் ஆகாதீர்கள். முனையை மாற்றும் வரை தொட்டி வகைக்குப் போய்விடுங்கள்.

எண் நம்ப முடியாத அளவுக்கு அதிகம்

சந்தோஷப்படும் முன் அளந்த முறையைச் சந்தேகப்படுங்கள். பாலிஃபீனாலை அளக்கும் ஃபோலின் முறையில் 765 நானோமீட்டரில் வரும் நீலம் பாலிஃபீனாலுக்கு மட்டுமே வருவதல்ல. வைட்டமின் சி, சில சர்க்கரைகள், புரதம் எல்லாம் அந்த நீலத்தைத் தரும். புரதத்தை அளக்கும் லௌரி முறையிலும் இதே வினைபொருள்தான் இருக்கிறது! பழுப்பைத் தடுக்க நீங்களே போட்ட வைட்டமின் சி இப்போது பாலிஃபீனால் வேடத்தில் வந்து நிற்கும். அதே அளவு வைட்டமின் சி மட்டும் போட்ட தண்ணீரையும் தனியாக அளந்து கழியுங்கள்.

ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பார்க்கும் டிபிபிஎச் முறையில் 517 நானோமீட்டரில் அளப்பீர்கள். ஆந்தோசயனினும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் ஒளியை உறிஞ்சும். வினைபொருள் இல்லாமல் சாற்றை மட்டும் வைத்து ஒரு வெற்று மாதிரி எடுக்காவிட்டால் எண் கோணலாகும். கலங்கல் சாறும் ஒளியைச் சிதறடித்து ஒளி உறிஞ்சல் எண்ணை ஏற்றும்.

ஒவ்வொரு தடவையும் வேறு முடிவு

தூளின் ஈரத்தைப் பாருங்கள். 5 சதவீத ஈரம் உள்ள 10 கிராமில் உலர் பொருள் 9.5 கிராம், 12 சதவீதத்தில் 8.8 தான். எதுவும் செய்யாமலே ஏழு சதவீத வித்தியாசம். அப்புறம் திறந்த பீக்கரில் ஆவியாகிப் போன தண்ணீர்: முன்னும் பின்னும் எடை போட்டு, குறைந்ததை ஊற்றி ஈடு செய்யுங்கள். தொட்டியில் குடுவை நிற்கும் இடத்தையும் நீர்மட்டத்தையும் மார்க்கரால் குறியுங்கள்.

சாறு புளித்த வாடை அடித்தால் மீயொலி மேல் பழி போட வேண்டாம். அது கிருமிகளைத் தீர்த்துக்கட்டும் என்று எண்ணி வெளியே வைத்ததுதான் தவறு. தண்ணீர்ச் சாறு 4 டிகிரியில்கூட சில நாள்தான் தாங்கும். அதற்கு மேல் என்றால் உறைய வையுங்கள் அல்லது உறைநிலையில் உலர்த்துங்கள்.

சிறிய பீக்கரில் வந்தது, பெரிய பாத்திரத்தில் வரவில்லை

மேலே போட்ட 42 வாட் கணக்கை எடுங்கள். 200 மில்லியில் அது மில்லிக்கு 0.21 வாட். அதே முனையை 4 லிட்டரில் இறக்கினால் மில்லிக்கு 0.01 வாட். ஒலி முனைக்குக் கீழே சில செ.மீ. வரைதான் பலமாக இருக்கும். மீதித் தூள் ஓரமாகப் படுத்துத் தூங்கும். நேரத்தை இருபது மடங்கு நீட்டினால் சரியாகும் என்பதும் இல்லை. முனைக்கு அருகே இருக்கும் தூள் அடி வாங்கிக்கொண்டே இருக்கும், சூடும் ஏறும். கலக்கி ஒன்றை வைத்துத் தூளைச் சுற்ற விடுங்கள். அளவு இன்னும் பெரிதானால் முனை பொருத்திய சிறு குழாய்க்குள் திரவத்தை பம்ப் மூலம் திரும்பத் திரும்ப ஓட்டும் ஏற்பாடுதான் வழி.

இந்தக் கட்டத்தில் சும்மாக் குடுவையையும் பெரிதாக்கி, அதிலும் அதே கலக்கியைப் போட்டுப் பாருங்கள். ஒருமுறை எனக்கு அந்தப் பெரிய பாத்திரம், வெறும் 45 டிகிரித் தண்ணீரும் கலக்கியுமாக, ஒரு மணி நேரத்தில் சோனிகேட்டர் தந்த அளவையே தந்துவிட்டது. மெல்லிய இதழ், நைசான தூள். உடைப்பதற்குச் செல் சுவர் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அந்தத் தூளுக்கு நான் இப்போது சோனிகேட்டரை எடுப்பதில்லை.